சூமில் படித்த இங்கிலிஷ் வாய்க்கு வருமா?

21 ஏப்ரல் 2024, ஒரு வாசகரின் கேள்வி

கொரோனாக் காலத்தில் கம்பஸ் கிடைத்த பட்ச் இப்போது வேலைக்கு வருகிறது. எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஈமெயில் எழுதச் சொன்னால் அழகாக எழுதுகிறார்கள். கொழும்பிலிருந்து யாராவது இங்கிலிஷில் போன் எடுத்தால் எழும்பி வெளியே போய்விடுகிறார்கள். முழுக்க ஒன்லைனில் படித்ததன் விளைவு இது என்பது என் கட்சி. அந்தப் பிள்ளைகளே இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? படித்தவர்களும் படிப்பிக்கிறவர்களும் சொல்லுங்கள்.

21 ஏப்ரல், இரவு

போனுக்குப் பயந்து ஓடுவது சூமுக்கு முந்திய வியாதி. நாங்கள் 2016இல் உள்ளே போன பட்ச். முதல் மூன்று வருடமும் வெண்பலகை, கதிரை, மின்விசிறி எல்லாம் உள்ள வகுப்பில்தான் இங்கிலிஷ் படித்தோம். எங்கள் ஆட்களும் ஓடினார்கள். சிலர் இன்னும் ஓடுகிறார்கள்.

இது கம்பஸுக்கு முன்பே தொடங்குகிற கதை. எங்களுக்குத் தரம் 3இலிருந்து இங்கிலிஷ் ஒரு பாடம். ஓ.எல். (தரம் 11 பொதுப் பரீட்சை) வரை வந்தால் எழுத்துப் பேப்பர். எங்கள் காலத்தில் வாய் திறந்து ஒரு வசனம் சொல்லாமலே ‘ஏ’ எடுக்கலாம். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லில் பொது ஆங்கிலம் என்று ஒரு பேப்பர் இருக்கிறது. அதன் புள்ளி கம்பஸ் அனுமதியை முடிவுசெய்கிற இசட் ஸ்கோரில் சேராது. சேராத பாடத்துக்கு எந்தப் பிள்ளை பௌதிகவியல் கொப்பியை மூடிவைக்கும்? இப்படி வந்த பிள்ளையைத்தான் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் என்று இங்கிலிஷில் படிப்பிக்கிற பீடங்களில் கொண்டுபோய் விடுகிறார்கள். கலைப்பீடம் என்றால் தமிழில் படிக்கலாம்; அங்கே இங்கிலிஷ் ஒரு பக்கப் பாடம்.

கேள்வியின் இரண்டாம் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. 2020இல் இறுதியாண்டைச் சூமில் முடித்தேன். 2022இலிருந்து தற்காலிகப் போதனாசிரியராக வகுப்பிலும் சூமிலும் இங்கிலிஷ் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் சொன்னவை நிறைய இருக்கின்றன. நாளைக்கு.

22 ஏப்ரல்

முதலில் எல்லாரும் சொல்வது டேட்டா. ஆனால் அதில் பாதிக் கதைதான் வெளியில் தெரியும். 2020 மார்ச்சில் கம்பஸ்கள் மூடியதும் லேர்ன் வலையமைப்பு (பல்கலைக்கழகங்களை இணைக்கிற அந்த நெட்வர்க்) சூமைத் தன் சேர்வரிலேயே ஓடவிட்டது. தொலைபேசிக் கம்பனிகள் அந்த வழியால் போகிற சூமுக்கும் பல்கலைக்கழக எல்.எம்.எஸ்.க்கும் (பாடக்குறிப்பு போடுகிற தளம்) கட்டணம் எடுக்கவில்லை. வெளியில் இலவசச் சூம் வைத்திருந்தவர்களை 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். எங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. இலங்கை விரைவாகச் செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்க்கலாம்.

பிறகு ஏன் குறை? லெக்சர் இலவசம், லெக்சரைச் சுற்றி இருந்தவை இலவசமில்லை. மிஸ் யூடியூப் லிங்க் போடுவார், அது காசு. குரூப் வேலை வட்ஸ்அப்பில்; அதுவும் காசு. இங்கிலிஷ் பாடத்தில் மற்றப் பாடங்களைவிட இது கூட. வீடியோ பார், பாட்டைக் கேள், இந்த இணையத்தளத்தில் பயிற்சி செய் என்று எல்லாமே வெளியில். இலவசப் பாதையில் அமைதியாக இருந்து கேட்கலாம், காசு கொடுத்தால்தான் பழகலாம் என்ற மாதிரி ஆகிப்போனது.

மற்றது போன். ஒரு பிள்ளையிடம் லப்டொப் இருக்கும், இன்னொரு பிள்ளையிடம் அண்ணாவோடு பங்குபோடுகிற போன் இருக்கும். ஆறு அங்குலத் திரையில் ஸ்லைட் தெரிந்தால் எழுதிக் கதைக்கிற சட் பெட்டி தெரியாது, சட் பெட்டியைத் திறந்தால் ஸ்லைட் மறைந்துவிடும். வாசிப்புப் பந்தியும் கேள்வியும் ஒன்றாகப் பார்க்க முடியாத பிள்ளையிடம் “பந்தியைப் பார்த்து விடை சொல்” என்பது அநியாயம். நான் போனில் படிப்பவர்களைக் கேட்டபோது அவர்கள் டேட்டாவை இரண்டாவதாகத்தான் சொன்னார்கள். கண்தான் முதல்.

22 ஏப்ரல், பிறகு

ஒரு சேர்ப்பு. ஒருவர் “வீடியோவை நிறுத்தினால் டேட்டா பிரச்சினையே இல்லையே” என்கிறார். கணக்கு சரி. சத்தம் மட்டும் போனால் சூமுக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், மணிக்கு 30 எம்.பி. சொச்சம். முகங்களும் சேர்ந்தால் அதன் பத்து மடங்கு. அதனால்தான் எல்லாரும் கமெராவை மூடினார்கள். மூடினதோடு நான் என்ன பார்த்தேன் தெரியுமா? கறுப்புப் பெட்டிகள், பெட்டிக்குள் பெயரின் முதல் எழுத்து. இங்கிலிஷ் ஒலிகள் சிலவற்றை வாயையும் பார்த்தால் சுலபமாகப் பிடிக்கலாம், குறிப்பாகத் தமிழ்க் காதுக்கு. ‘எஃப்’ எங்கே, ‘பி’ எங்கே என்று உதட்டைப் பார்த்தால் உடனே விளங்கும். காதால் மட்டும் கேட்டால், அதுவும் சிக்னல் நொண்டுகிற நேரம், ‘எஃப்’பும் ‘எஸ்’சும் ஒரே இரைச்சல். அந்த ஒலிகளின் பலம் மேல் அதிர்வெண்ணில் இருக்கிறது, முதலில் அடிபடுவதும் அதுதான்.

23 ஏப்ரல்

அந்த பட்ச் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்கிற இங்கிலிஷ் வசனங்கள் இரண்டு. “ஆம் ஐ ஓடிபிள்?” “நெட்வர்க் இஷ்யூ, மிஸ்.” இரண்டாவதை நல்ல சிக்னல் இருக்கிற யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தும் சொல்வார்கள்.

25 ஏப்ரல்

இதுவரை நான் எழுதினதைப் படித்தால் கருவியும் காசும்தான் பிரச்சினை என்று படும். அது முழுசாகச் சரியில்லை. நல்ல லப்டொப்பும் பைபர் இணைப்பும் இருந்த பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை.

ஒருத்தி சொன்னது மனதில் நிற்கிறது: “மிஸ், வகுப்பில் என்றால் என்னைப்போல இருக்கிற ஐம்பது பேர் கேட்பினம். வீட்டில் என்றால் அம்மா, அப்பா, அம்மம்மா, பக்கத்து வீட்டு மாமி.” இரண்டு அறை வீட்டில் விறாந்தையில் இருந்து “மை ஹொபி இஸ்” என்று தொடங்கினால் தம்பி சிரிப்பான். இன்னொரு பெடியன் சொன்னான், அப்பா பெருமையில் வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிடுவாராம். மகன் இங்கிலிஷ் கதைப்பதைக் கேட்க. அது தம்பி சிரிப்பதைவிட மோசம். அவன் அதற்குப் பிறகு சூமில் வாயே திறக்கவில்லை, “மைக் பழுது மிஸ்” என்று எழுதிவிட்டு இருந்தான்.

பிழை விடத் தனி இடம் வேண்டும். வகுப்பறை அப்படி ஒரு இடம். அங்கே விட்ட பிழை அங்கேயே கிடக்கும், வீட்டுக்கு வராது. சூம் வகுப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது பிழையும் கூட வந்தது. இதை நான் எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. எல்லாரும் பாண்ட்வித் பற்றித்தான் கதைத்தார்கள்.

26 ஏப்ரல்

“கூச்சம்தான் காரணம் என்றால், மிஸ் கேட்ட கேள்விக்கு யாராவது ஒருவர்கூடப் பதில் சொல்லாதது ஏன்? எல்லாருக்குமா பக்கத்து வீட்டு மாமி?” என்று ஒருவர். நல்ல குத்து.

பாதி விடை தாமதத்தில் இருக்கிறது. நேரில் ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்குகிற இடைவெளி, உலகில் பல மொழிகளில் அளந்து பார்த்ததில், சராசரி ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு. யார் மூச்சை இழுக்கிறார், யார் நிமிர்ந்து பார்க்கிறார் என்று கண்டுதான் நாங்கள் முறை எடுக்கிறோம். சூமில் குரல் வந்து சேரவே அவ்வளவு நேரம் போகலாம்; மூச்சும் கண்ணும் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து தொடங்குவார்கள், இரண்டு பேரும் “சொறி” என்று நிறுத்துவார்கள், பிறகு இரண்டு பேரும் தொடங்கமாட்டார்கள். தாய்மொழியிலேயே இது சங்கடம். இரண்டாம் மொழியில் வசனத்தை மனதில் கட்டிக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு மோதல் போதும், அன்றைக்கு அவ்வளவுதான்.

மிஸ்மாரும் இதற்கு உதவவில்லை, என்னையும் சேர்த்து. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி நிற்பேன். சூமில் மூன்று நொடி மௌனம் வந்தாலே லைன் அறுந்துவிட்டதோ என்று நானே விடையைச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டார்கள்.

27 ஏப்ரல்

ஒருவர் ஏதோ ஆய்வில் “மாணவர்கள் ஒன்லைனை விரும்புகிறார்கள்” என்று வந்ததாக எழுதியிருக்கிறார். விரும்புகிறார்கள்தான். எதை என்று கேட்க வேண்டும். போர்டிங் காசு மிச்சம். முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ விடிய பஸ் ஏறத் தேவையில்லை. றெக்கோர்டிங்கை மூன்றாம் தரமும் ஓடவிட்டுக் கேட்கலாம். இங்கிலிஷில் நடக்கிற லெக்சரை முதல் தரத்தில் பிடிக்க முடியாத பிள்ளைக்கு இது பெரிய வரம், நான் கிண்டலாகச் சொல்லவில்லை. 2021 கடைசியிலிருந்து சூமில் தானாக ஓடுகிற எழுத்துவரியும் இலவசமாக வந்தது. எங்கள் உச்சரிப்பை அது எழுதுகிற அழகு தனி நகைச்சுவை நிகழ்ச்சி.

வசதியைப் பிடிக்குமா என்று கேட்டால் ஆம். கதைக்கப் பழகினாயா என்று கேட்டால் இல்லை. ஒரே பிள்ளை ஒரே தாளில் இரண்டையும் எழுதும். இதில் முரண் ஒன்றும் இல்லை.

30 ஏப்ரல்

எனக்கே எதிராக ஒன்று. சட் பெட்டி.

வகுப்பில் இரண்டு வருடம் கடைசி வாங்கில் இருந்து ஒரு சொல் கதைக்காத வகையான பிள்ளைகள் சூமில் எழுதினார்கள். முதலில் “யெஸ்”, “நோ”. பிறகு அரை வசனம். பிறகு மற்றவனுக்குப் பதில். எழுத்தில் நேரம் இருக்கிறது, அழிக்கலாம், உச்சரிப்பு இல்லை. மிஸ் ஒரு பந்தியைப் பற்றிக் கேட்டால் மைக் திறக்கிறவர் ஒருவரும் இல்லை, சட்டில் இருபது வரி ஓடும். நேரில் இருபது பேரிடம் விடை வாங்க ஒரு மணித்தியாலம் வேணும்.

கலைப்பீடத்து முதலாம் வருடத்துப் பிள்ளைகள் இன்னொன்று சொன்னார்கள். இலங்கைக் கம்பஸ்களில் சில இடங்களில் இங்கிலிஷ் கதைக்கிற ஜூனியரை சீனியர் மடக்குவது பழைய வழக்கம். பெரிய ஆளாகப் பார்க்கிறாயா என்ற மாதிரி. சூம் வகுப்பில் சீனியர் பின் வாங்கில் இல்லை, வாசலில் இல்லை. (றாகிங் வட்ஸ்அப்புக்குள் வந்ததும் உண்மைதான், அதைப் பற்றிப் பத்திரிகைகளே எழுதின. ஆனால் இங்கிலிஷ் வகுப்புக்குள் வர வழி குறைவு.)

ஆகவே கேள்வி கேட்டவர் சொன்ன “ஈமெயில் அழகாக எழுதுகிறார்கள்” என்பது தற்செயல் இல்லை. அவர்கள் எழுதித்தான் படித்தார்கள். எதைப் பழகினார்களோ அது வருகிறது.

1 மே

“அழகான ஈமெயிலை எழுதுவது அவர்களா, சட்ஜிபிடியா?”

அதுவும் நியாயம். 2022 நவம்பர் 30இல் அது வெளிவந்தது. அடுத்த செமஸ்டர் எசைன்மென்டுகளில் ஒரு நாளும் பிழைவிடாத பெடியள் திடீரென்று பிறந்தார்கள். ஆனால் சூமில் மட்டும் முதலாம் வருடத்தை முடித்தவர்கள் அதற்கு முந்தியவர்கள். அவர்களுடைய சட் வரிகள் பிழையோடுதான் இருந்தன, அதனால்தான் அவர்களே எழுதினார்கள் என்று நான் நம்புகிறேன்.

5 மே

சூமைப் பற்றி வாய் வைத்தது பலித்துவிட்டது. 2ஆம் தேதியிலிருந்து பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம், மண்டபம் திறக்க ஆளில்லை. என் வகுப்பு மறுபடியும் சூமில். 2020இல் வைரஸ், 2022இல் பெட்ரோல், இப்போது இது. காரணம் மாறும், லிங்க் மாறாது.

2022ஐ மறந்தவர்களுக்கு: மார்ச் 31இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜூனில் எண்ணெய் இல்லாமல் ஒன்லைனுக்குப் போகச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லை, வீட்டில் இருந்து படி என்றால் வீட்டில் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். வலயத்துக்கு வலயம் வெட்டு நேரம் வேறு. சாவகச்சேரியில் கரண்ட் இருக்கிற நேரம் வவுனியாவில் இராது. ஆகவே இங்கிலிஷ் வகுப்பில் ஒரு நாளும் முழு வகுப்பு இல்லை. சோடியாகக் கதைக்கிற பயிற்சி கொடுத்தால் பாதிப் பேருக்குச் சோடி இருட்டில். அந்த நேரத்துப் பிள்ளைகளிடம் ஒன்லைன் பற்றிக் கேட்டால் வருகிற வெறுப்பு சூம் மீதான வெறுப்பு இல்லை, அந்த வருடத்தின் மீதானது. கருத்துக்கணிப்புத் தாளில் இரண்டையும் பிரிக்கிற கட்டம் இல்லை.

11 மே

வேலைநிறுத்தத்தால் கிடைத்த ஒரு லாபம். கமெரா, மைக் சண்டையை விட்டுவிட்டு வட்ஸ்அப் குரல்பதிவு கேட்டேன். ஒரு நிமிடம், எதைப் பற்றியும். அனுப்புவது எனக்கு மட்டும்.

வந்து குவிந்தது. கிணற்றடியில் இருந்து, மதிலுக்குப் பின்னால் இருந்து, ஒருவன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு வயல் கரையில் இருந்து. பின்னால் கோழி, பின்னால் கோயில் மணி. வீட்டுக்காரர் காதுக்கு எட்டாத இடம் தேடிப் போயிருக்கிறார்கள். (25ஆம் தேதிக் குறிப்புக்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.) பல தரம் பேசி, அழித்து, கடைசியாக வந்ததை அனுப்பியதாகச் சொன்னார்கள். தன் குரலைத் தானே கேட்பது அவர்களுக்கு முதல் தரம். “நான் இவ்வளவு வேகமாக ஓடுறனா மிஸ்?” என்று ஒருத்தி.

ஆனால் ஒத்திகை பார்த்துச் சொல்வது வேறு, உரையாடல் வேறு. அழித்துத் திருத்திய ஒரு நிமிடத்தை வைத்துக் கொழும்பு போனுக்குப் பதில் சொல்ல முடியாது. உச்சரிப்புக்கும் துணிவுக்கும் நல்லது, அவ்வளவுதான்.

12 மே

சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவர்கள் ஏன் இங்கே ஒன்றும் எழுதாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். கிளிநொச்சியில் பொறியியல் படித்த ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன், அவர் மன்னிக்கட்டும்.

அவருடைய பட்ச்சில் பாதிக்கு மேல் சிங்களம். நேரில் வந்த பிறகு லாபில், ஹொஸ்டலில், கன்டீனில் இங்கிலிஷ் தவிர வழியில்லை. அவருக்குச் சிங்களம் தெரியாது, அறைத்தோழனுக்குத் தமிழ் தெரியாது. “பைப்பில் தண்ணி வருதில்லை, ஹொஸ்டல் வோட்டனிட்ட சொன்னியா?” என்பதை இங்கிலிஷில் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் இலக்கணம் வராது, அதனால் வெட்கமும் வராது. அங்கேதான் அவருக்கு வாய் திறந்தது. முதல் வருடம் சூமில் இருந்தபோது அதே தோழனோடு ஒரே பிறேக்அவுட் றூமில் (வகுப்பைச் சிறு குழுவாகப் பிரிக்கிற சூம் அறை) இருந்திருக்கிறார். றூம் திறந்ததும் தமிழர்கள் தமிழ் வட்ஸ்அப் குரூப்பிலும் சிங்களவர்கள் சிங்களக் குரூப்பிலும் விடையைத் தேடியிருக்கிறார்கள். றூமில் சத்தமே இல்லை. மிஸ் உள்ளே வந்தால் மட்டும் “ஐ திங்க்...” என்று யாராவது தொடங்குவாராம்.

எனக்கு இந்த இழையில் வந்ததில் முக்கியமானது இதுதான். சூமில் தாய்மொழிக்குத் தப்பி ஓடப் பக்கத்திலேயே கதவு இருக்கிறது, அவருடைய ஹொஸ்டலில் அந்தக் கதவு இல்லை. நான் படித்த வகுப்பிலும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. முழுக்கத் தமிழ் வகுப்பு, ஆசிரியர் வெளியே போனதும் தமிழ். அதனால்தான் நேரில் படித்த எங்கள் பட்ச்சும் போனுக்கு ஓடியது. ஒன்லைனா நேரிலா என்பதைவிட, கதைக்காமல் ஒரு காரியம் ஆகாது என்ற நிலை இருந்ததா என்பதைத்தான் நான் கேட்பேன்.

12 மே, இரவு

ஒருவர்: “அப்ப எல்லாரையும் சிங்களப் பிள்ளையோட ஹொஸ்டலில் போடச் சொல்றீங்களா?” போட்டால் நல்லது. தண்ணி மட்டும் வரவேண்டாம்.

19 மே

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, அலுவலகத்தில் அந்த மூன்று பேருக்கும் என்ன செய்யலாம் என்கிறார். ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாஸுக்குக் காசு கட்டத் தயாராம். மாலை ஏழு மணிக்கு, சூமில்!

காசை வைத்திருங்கள். கொழும்பு போனை அவர்களே எடுக்கட்டும், ஆனால் முதலில் எதைப் பற்றிய அழைப்பு என்று தெரிந்தவற்றை. ஓடர் இலக்கம், அனுப்பிய திகதி, எத்தனை பெட்டி. எழுதுவது அவர்களுக்கு வருகிறது அல்லவா, சொல்லப் போவதை முதல் வாரம் எழுதி வைத்துக்கொண்டு பேசட்டும். நீங்கள் பக்கத்து மேசையில் இருந்து கேட்காதீர்கள். இது முக்கியம். உங்களுக்கு முன்னால் பேசுவதுதான் அவர்களுக்குப் பயம், கொழும்புக்காரரோடு பேசுவது இல்லை என்று நான் சந்தேகிக்கிறேன். அவர்கள் எழும்பி வெளியே போவது போனை எடுக்காமல் தப்பவா, இல்லை வெளியில் நின்று எடுக்கவா? அதை ஒருக்கால் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.